பின்பலகையைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவர் சேர்த்து வைத்த அறுபது எழுபது எல்.பி. ரெக்கார்டுகள் வீட்டில் இருக்கின்றன. போட்டுக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை. வருஷ திதிக்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. டர்பன் டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் சான்சூயி ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி), ரெக்கார்ட் பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், எல்லாம் சேர்த்து 7,500 ரேண்ட் சொல்கிறார்கள். ரிசீவரின் பின்னால் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. “ஜப்பான் ஒரிஜினல், ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு, அடாப்டர் பிளக் போட்டால் போதும்” என்கிறார் கடைக்காரர். பில்லில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று எழுதித்தான் தருவாராம். மரப்பெட்டி டிவி ஒன்றும் இருக்கிறது, 1968இல் இந்த ஊரில் ஓடியதாம். வாங்கலாமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று. அடாப்டர் பிளக்கை நம்பி அந்த ரிசீவரை உங்கள் வீட்டுச் சுவரில் செருகிவிடாதீர்கள். அடாப்டர் மாற்றுவது பிளக்கின் காலை மட்டும்தான். ஜப்பான் பிளக்குக்குத் தட்டையாக இரண்டு கால், நம் ஊர் சாக்கெட்டுக்கு உருண்டையாக மூன்று. கால் பொருந்திவிட்டால் கரண்ட் குறைந்துவிடுமா? அங்கே வீட்டுக்கு வருவது 100 வோல்ட், இங்கே 230. வோல்ட் இரண்டே கால் மடங்கு ஏறினால் உள்ளே சூடாகிற சக்தி ஐந்து மடங்கைத் தாண்டும். ஃபியூஸ் நல்லதாக இருந்தால் அது போய், மற்றதைக் காப்பாற்றும். ஆனால் பழைய பெட்டிகளில் ஃபியூஸைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுருட்டி ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் திணித்து வைத்திருந்ததை என் மேஜையில் எத்தனையோ முறை பிடுங்கி எடுத்திருக்கிறேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் 7,500 ரேண்ட் அதில்தான் நிற்கிறது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 1970களில் ஜப்பான் கம்பெனிகள் வெளிநாட்டுக்கென்று செய்த ரிசீவர்கள் பலவற்றில், பின்பலகையில் கரண்ட் ஒயர் உள்ளே போகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். அதைச் சுற்றி 100, 120, 220, 240 என்று எண்கள். நடுவில் பிடுங்கித் திருப்பிச் செருகுகிற ஒரு சின்னக் கட்டை, அதில் ஓர் அம்புக்குறி. அம்பு எந்த எண்ணைக் காட்டுகிறதோ அந்த வோல்ட்டில் பெட்டி ஓடும். சிலவற்றில் கட்டைக்குப் பதிலாக ஸ்குரூ டிரைவரால் திருப்புகிற பள்ளம் இருக்கும். சிலவற்றில் அதன்மேல் ஒரு தகட்டை இரண்டு ஆணி போட்டு மூடியிருப்பார்கள். அந்தத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வட்டம் இருந்தால் 100 வோல்ட் என்ற எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெட்டி நம் ஊருக்கு ஆகும். ஒயரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, கட்டையைப் பிடுங்கி, 240இல் வைத்துச் செருக வேண்டும். 220 என்று ஒரு எண் இருக்கும்போது ஏன் 240 என்று கேட்பீர்கள். நமக்கு 230 என்று சொன்னாலும் பத்து சதவீதம் கூடக்குறைய வருவதை இங்கே முறையான சப்ளை என்றே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதாவது 253 வரை வரலாம். கரண்ட் வெட்டு முடிந்து திரும்பி வருகிற அந்த நொடியில் என்ன வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு 240தான் நிம்மதி.

கட்டையைத் திருப்பியதோடு வேலை முடியவில்லை. ஃபியூஸையும் மாற்ற வேண்டும். 100 வோல்ட்டுக்குப் போட்ட பெரிய ஃபியூஸ் 240இல் அப்படியே இருந்தால் ஆபத்து வரும்போது அது போகாது. எந்த வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப் என்று பின்பலகையிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். பிடுங்கிய கட்டையின் கால்களையும் பாருங்கள். கடல் காற்று அடிக்கிற ஊர் இது. கால்கள் பச்சை பூத்திருந்தால் அங்கே பொறி பறக்கும்.

வட்டமே இல்லை, 100 வோல்ட் என்ற எழுத்து மட்டும்தான் என்றால் அது ஜப்பான் வீடுகளுக்கென்றே செய்தது. அதை உறுதி செய்து கொள்ள டயலைப் பாருங்கள். நம் ஊர் எஃப்எம் 88இலிருந்து 108 வரை. ஜப்பானில் அந்தக் காலத்து எஃப்எம் 76இலிருந்து 90 வரைதான். டயல் 90இல் முடிந்தால் அதில் நம் ஸ்டேஷன்கள் பெரும்பாலானவை வராது. கடைக்காரர் ரேடியோவை வைத்துக் காட்டத் தயங்கினால் அதற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம். இந்த மாதிரிப் பெட்டியை, வோல்ட்டைக் குறைத்துத் தருகிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 110 வோல்ட் தருவது. 100 வோல்ட் பெட்டிக்கு அது பத்து சதவீதம் கூடுதல், தினமும் அந்தச் சூட்டிலேயே கிடக்கும். 100 தருவதாகவே தேடி வாங்க வேண்டும். பெட்டி 200 வாட் இழுக்கும் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் 500ஆவது இருக்கட்டும். அந்தச் செலவை 7,500இல் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ரெக்கார்ட் பிளேயரில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது, அதை டிரான்ஸ்ஃபார்மராலும் சரி செய்ய முடியாது. பெல்ட்டில் ஓடுகிற பழைய பிளேயர்களில் பல, கரண்டின் சைக்கிளை, அதாவது அது நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, வைத்துத்தான் வேகம் பிடிக்கின்றன. நமக்கு 50 சைக்கிள். அமெரிக்காவில் 60. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60, ஒரே நாட்டுக்குள் இரண்டு. 60க்கு உரிய புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடுகிற சின்னச் சக்கரம்) போட்ட பிளேயரை இங்கே ஓட்டினால் நிமிஷத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28க்குப் பக்கத்தில் சுற்றும். பாட்டு மூன்று சுரஸ்தானம் இறங்கிப்போகும். நாதஸ்வரம், உச்சச் சுருதியுள்ள முகவீணைக்கு எதிர்ப்பக்கம் போய் ஏதோ புதுவாத்தியம் போலக் கேட்கும். அதனால் அப்பாவின் ரெக்கார்டுகளில் உங்களுக்கு மனப்பாடமான ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். நடு லேபிளில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, போன் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 33 வர வேண்டும். பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டை நேராகச் சுற்றுகிற, குவார்ட்ஸ் வைத்த டைரக்ட் டிரைவ் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 அந்த ரகம். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜைக் குனிந்து பாருங்கள். நல்ல பிளேயர் கடைக்கு வரும்போது அதில் ஷூர், ஆர்ட்டோஃபான் என்று நல்ல கார்ட்ரிட்ஜ் இருந்திருக்கும். ஷூர் கம்பெனி 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது, அதனால் தனியாக விற்றாலே காசு. உங்கள் கைக்கு வரும்போது அது கழன்று, மலிவானது ஒன்று தொங்கும்.

இப்போது அந்த ‘ஃபுல் சர்வீஸ்’. இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆம்ப்ளிஃபையர் விற்கிற இடத்தில் இதைவிட அதிகம் ஏமாற்றிய வார்த்தை வேறில்லை. பாதி இடங்களில் சர்வீஸ் என்றால் முகப்பைத் துடைத்து, குமிழ்களுக்குள் பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடிப்பது. இரண்டு வாரம் கரகரப்பு நிற்கும், பிறகு எண்ணெயில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும். குமிழுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தால் கராஜ் வாசனை அடிக்கும். ஒரு முறை ஒருவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன். எல்லாக் கெப்பாசிட்டரும் (கரண்டைச் சேமித்துத் தருகிற பாகம்) மாற்றியாயிற்று என்று தனியாக 1,800 ரேண்ட் வாங்கியிருந்தார்கள். போர்டு முழுக்க நாற்பது வருஷத் தூசி, நடுவில் பளபளவென்று நீலச் சட்டை போட்ட பெரிய கெப்பாசிட்டர் இரண்டு. எடுத்தால் கனமே இல்லை. அறுத்துப் பார்த்தேன். பெரிய டப்பாவுக்குள் சுண்டுவிரல் அளவு இன்னொரு கெப்பாசிட்டர், சுற்றிலும் காலி இடம். அந்த மனிதர் ஓய்வூதியப் பணத்தில் வாங்கியிருந்தார். அன்று முதல் எல்லாரிடமும் ஒன்றுதான் சொல்கிறேன்: சர்வீஸ் செய்தவர் கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுக் காட்டட்டும், செய்தவர் பெயரோடு பில் காட்டட்டும். இரண்டும் இல்லாத சர்வீஸுக்கு ஒரு சென்ட்டும் கொடுக்காதீர்கள்.

ஸ்பீக்கருக்கு முன்துணியைக் கழற்றச் சொல்லுங்கள். கூம்பைச் சுற்றி ஓடுகிற வளையம் ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால் நகத்தால் மெல்லத் தொடுங்கள். கருப்பட்டித் தூள் மாதிரி உதிர்ந்தால் போய்விட்டது, வளையத்தை மாற்றியாக வேண்டும். ரப்பரும் துணியும் தாங்கும். கூம்பை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக உள்ளே அழுத்தும்போது உரசல் சத்தம் கேட்டால் அந்த ஸ்பீக்கரே வேண்டாம்.

கடையில் உங்களுக்குப் பக்கத்தில் நின்று “அக்கா, நேற்றே ஒருவர் 9,000 கொடுக்கிறேன் என்றார்” என்று ஒருவர் பேச்சுக் கொடுப்பார். அவர் தரகர். இறந்துபோனவர்களின் வீட்டைக் காலி செய்கிற இடங்களுக்கு முதலில் போய், அழுகிற குடும்பத்திடம் அள்ளிக்கொண்டு வந்து, நல்லதை ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைக் கடையில் நிறுத்துவதும் பல நேரம் இவர்களே. திதிக்கு நாள் நெருங்குகிறது என்று அங்கே வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

ஃபுட்ஸ்டூட்ஸ் என்றால் இருப்பது இருந்தபடி, குறைக்கு நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். கடை வைத்து வியாபாரம் செய்கிறவர் அந்த ஒரு வார்த்தையை எழுதித் தப்பிக்க முடியாது. 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். ரிப்பேரா, மாற்றா, பணமா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு. ஆனால் ‘100 வோல்ட் பெட்டி, இங்கே ஓட்டிப் பார்க்கவில்லை’ என்று குறையைக் குறிப்பாக எழுதி அதில் உங்கள் கையெழுத்தையும் வாங்கிவிட்டால் அந்தக் குறையைப் பற்றிப் பிறகு பேச முடியாது. எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதே கடைகள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், விற்க வந்தவரின் அடையாள எண்ணோடு ரெஜிஸ்டர் எழுத வேண்டும் என்று 2009ஆம் வருஷச் சட்டமும் இருக்கிறது. சட்டம் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்க ஆள் வருவதை நான்தான் பார்த்ததில்லை. அந்த நீலக் கெப்பாசிட்டர்காரருக்காக ஒரு அலுவலகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது, முதல் நாளே இணைத்திருந்த பில்லின் நகலை மறுபடி அனுப்பச் சொல்லி. வயதான மனிதரை இப்படி அலைக்கழிப்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதனால்தான் பணம் கை மாறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

டிவியை விட்டுவிடுங்கள். 1968இல் இந்த நாட்டில் டிவி ஒளிபரப்பே கிடையாது. 1975இல் சோதனை ஓட்டம், 1976 ஜனவரி 5இல்தான் நாடு முழுக்கத் தொடக்கம். அது வரை அரசாங்கமே உள்ளே விடவில்லை. அந்த ஒரு பொய்யே கடைக்காரரின் மற்றப் பேச்சுக்கும் அளவுகோல். அனலாக் ஒளிபரப்பை நிறுத்துகிற நாளும் 2011 என்றார்கள், 2015 என்றார்கள், 2022 என்றார்கள், 2025 மார்ச் 31 என்றார்கள், அதையும் கோர்ட் தடுத்தது. இப்படி ஒரு நிர்வாகத்தை நம்பி யார் டிவிக்கு விலை போட முடியும்? வெளிநாட்டு மாடுலேட்டரை (படத்தையும் சத்தத்தையும் டிவி சிக்னலாக மாற்றுகிற பெட்டி) மாட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், நம் டிவி முறையில் ஒலி 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், பல நாடுகளில் 5.5. படம் வரும், சத்தம் வராது. என்ன ஆனாலும் அதன் பின்மூடியைத் திறக்காதீர்கள். ஒயரை உருவிய பிறகும் கலர் டியூபுக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

உள்ளூர்ச் சரித்திரம்தான் வேண்டுமென்றால், பைன்டவுன் பக்கத்து நியூ ஜெர்மனியில் செய்த பார்லோ வாட்லி எக்ஸ்சிஆர்-30 என்று ஒரு சிற்றலை ரேடியோ இருக்கிறது. டர்பனில் பிறந்த டிரெவர் வாட்லி கண்டுபிடித்த மின்சுற்றில் ஓடுவது, பேட்டரி போதும். அது எங்காவது மூலையில் கிடந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலையிலேயே போங்கள், வீட்டில் விவரம் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு. பின்பலகையை ஈரத்துணியால் துடைத்து, எழுத்து தெரிய ஒரு போட்டோ, டயலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வட்டம் இருந்து, ஒரு மணி நேரம் விடாமல் பாடி, இரண்டு ஸ்பீக்கரும் சமமாக ஒலித்தால் 5,000 வரை கொடுக்கலாம். வட்டம் இல்லையென்றால் அதில் பாதிக்கு மேல் பேசாதீர்கள், அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்துவிடுங்கள். திதிக்கு ஒரு நாளைக்கு என் பிளேயரைக் கொடுத்தனுப்புகிறேன்.

ரெக்கார்டுகளை அடுக்காகப் படுக்க வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து நிமிர்த்தி வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். உறைக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மெல்லிய துணியால் கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, பிறகு ஊசி வையுங்கள்.