சபையில் கிடைக்கிற சமாதானம் வீட்டுக்குள் நுழைந்ததும் போய்விடுகிறது. குடும்ப வாழ்க்கையில் கிறிஸ்தவ நம்பிக்கையை எங்கே தேடுவது?

கேள்வியைப் படித்ததும், உங்களுக்குக் கல்யாணமாகி மூன்று நான்கு வருடம் இருக்கும், இடுப்பில் ஒரு குழந்தை, மாமியாரும் கூடவே இருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தப்பாக இருந்தால் மன்னிச்சுக்குங்க. ஞாயிறு ஆராதனையில் கண் கலங்குகிறதையும் திங்கட்கிழமை குக்கர் விசிலில் அது காணாமல் போகிறதையும் நானும் இருபது வருடம் அனுபவித்தவள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஊழியக்காரி இல்லை. தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிற, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குப் போகிற சாதாரண ஆள். வேத வியாக்கியானம் தப்பு என்று சண்டைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போகவும்.

வீட்டுக்காரருக்குக் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும். அப்போதுதான் இவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. பையன் டிப்ளமோ முடித்து இன்னும் பெரிய இன்ஜினில் கை வைப்பான் என்று கனவு. அவன் இரண்டாவது வருடத்தோடு நின்றுவிட்டு, வண்டியில் சாப்பாடு டெலிவரிக்குப் போக ஆரம்பித்தான். 2023 ஈஸ்டர் அன்று சொந்தக்காரர் வீட்டில் பிரியாணிப் பந்தி. "பையன் இன்னா பண்றான்?" என்று யாரோ கேட்க, இவர் இலையைப் பார்த்துக்கொண்டே "எனக்கு ஏது பையன்?" என்றார். இரண்டு இலை தள்ளி அவன் உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் எட்டு மாதம் பேச்சே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம் மட்டும் நிற்கவில்லை. இவர்தான் ஜெபிப்பார். சபை, ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்), நாடு, அண்ணன் பிள்ளைகள் என்று வரிசையாகப் போய் அத்தையின் முழங்கால் வலி வரைக்கும் வருவார். பையன் பேர் மட்டும் வராது. அவனும் கடைசியில் "ஆமென்" சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். இதைவிட அவர்கள் கத்திச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உபவாச ஜெபத்தில் ஒரு சிஸ்டரிடம் சொன்னதற்கு, "வீட்ல அறிக்கை பண்ணாத பாவம் ஏதாச்சும் இருக்கும்" என்றார். அன்றோடு வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதை நிறுத்தினேன்.

டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கிற அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அன்று சபையில் ஏற்றுகிற முதல் மெழுகுவர்த்திக்கு நம்பிக்கை என்று பேர் சொல்வார்கள். கொட்டுகிற மழையில் ஆராதனைக்குப் பாதி ஜனம்தான். மறுநாள் மிக்ஜாம் புயல் மழையில் தெருத் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்துவிட்டது. அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மொட்டை மாடி ஷெட்டுக்குப் போனோம். கரண்ட் இல்லை, கிறிஸ்துமஸுக்கு வாங்கிவைத்த மெழுகுவர்த்தி இரண்டே ராத்திரியில் தீர்ந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிவிக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும்தான். கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஜனம் சாக்கடைத் தண்ணீரில் நின்றது யார் கண்ணுக்குத் தெரிந்தது? எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்த பிறகுதான் எங்கள் பக்கம் கேமரா திரும்பியது. சரி, அதை விடுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் கேஸும் தீர்ந்துவிட்டது. இவர் கீழ்வீட்டு இஸ்திரிக்காரரிடம் அரைக் கூடை கரி கடன் வாங்கி, பழைய பெயின்ட் டின்னில் போட்டு மூட்டினார். ஈரக் கரி, ஒரே புகை. விசிற எதுவும் கிடைக்காமல், நனையாமல் இருக்க மேலே கொண்டுவந்திருந்த, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்தக் காலண்டர் அட்டையை எடுத்தார். "டேய், வசனத்தால வீசறியேடா" என்று அத்தை கத்த, "வசனத்தாலதாம்மா பத்தும்" என்றார். கஞ்சி கொதித்தது. வாளைக் கருவாட்டை நேராகக் கரியிலேயே போட்டுச் சுட்டார்.

பையன் விடியற்காலையிலேயே இடுப்பளவு தண்ணீரில் பாலுக்குப் போயிருந்தான். இரட்டை விலை கொடுத்து இரண்டு பாக்கெட். ஒன்றைப் பக்கத்து ஷெட்டில் இருந்த கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றான். இவர் திரும்பவில்லை. கருவாட்டைப் புரட்டியபடியே, "வா, வந்து துன்னு" என்றார்.

எட்டு மாதத்தில் முதல் பேச்சு அதுதான். அவன் எதிரில் உட்கார்ந்தான். கருவாட்டை எடுக்கப் போன கையைத் தட்டிவிட்டு, "சுடும்டா, இரு" என்று இவரே முள் எடுத்துக் கொடுத்தார். இருபது வயதுப் பையனுக்கு!

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பசிதான் இருந்தது. அடுத்த ஈஸ்டருக்கு யோவான் 21 வாசிக்கும்போதுதான் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டுவைத்து, சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். அதே கரிநெருப்பு 18ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. அதில் குளிர்காய்ந்துகொண்டுதான் சீஷன் பேதுரு, இயேசுவோடு தனக்குச் சம்பந்தமே இல்லை என்று மறுதலித்தான். மரணத்தை ஜெயித்தவர், விட்டு ஓடினவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்கிறார். எங்கள் வீட்டில் மறுதலித்தவரே கரி மூட்டினார், அதனால் கதை அப்படியே பொருந்தாது, எனக்கும் தெரியும். "போஜனம்பண்ணுங்கள்" எங்கே, "துன்னு" எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். கலிலேயா மீனவர்களும் அவரவர் பேச்சில்தானே பேசியிருப்பார்கள்?

அதனால் சகோதரி, உங்கள் குக்கர் விசிலை ஜெபத்துக்கு எதிரியாக நினைக்காதீர்கள். எனக்குச் சபையில் பாட்டாகக் கேட்டது, வீட்டில் கருவாட்டுப் புகையாக வந்தது.

பையன் இன்னும் டெலிவரிக்குத்தான் போகிறான். பெட்ரோல் காசுக்காக அப்பாவும் பிள்ளையும் நேற்றுகூடக் கத்தினார்கள். அந்தக் காலண்டர் அட்டை ஒரு மூலை கருகிப்போய் இன்னும் சுவரில் இருக்கிறது, அத்தை எடுக்கவிடவில்லை. தண்ணீர் வடிந்து நாங்கள் கீழே இறங்கிய ராத்திரி, ஈரத் தரையில் பாய் விரிக்க முடியாமல் நின்றுகொண்டே ஜெபம் பண்ணினோம். சபை, ஐயர், நாடு, அண்ணன் பிள்ளைகள், அத்தையின் முழங்கால். கொஞ்சம் இருமிவிட்டு, பையன் பேரைச் சொன்னார்.