கேளுங்கள், சொல்கிறேன்: முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

கேள்வி: கடலூரிலும் முதலமைச்சர் ஆட்சி, புதுச்சேரியிலும் முதலமைச்சர் ஆட்சி. பிறகு ஏன், எந்தக் கட்சி வந்தாலும் 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று புதுவையில் மட்டும் புலம்புகிறார்கள்?
(வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு பாகூர்ப் பக்கம் முப்பது ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தியவன் நான். தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையை பஸ் தாண்டினால் மாறுவது மதுக்கடைப் பலகைகள்தான் என்பார்கள் பையன்கள். அதிகாரத்தின் கணக்கும் அங்கேதான் மாறுகிறது.

தமிழ்நாட்டில் ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பிரதேச ஆட்சிச் சட்டத்தின்படி நடக்கிறது. அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் துணைநிலை ஆளுநர் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். அவசரமென்றால், பதில் வரும்வரை தாமே நடவடிக்கை எடுக்கலாம். நிதிநிலை அறிக்கைக்கும் முன்கூட்டியே டெல்லியின் ஒப்புதல் வேண்டும். வீட்டுச் செலவுக்கு மாமனாரிடம் கையெழுத்து வாங்கும் மருமகனின் நிலைதான் முதலமைச்சருக்கு.

புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர். மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம், அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தலில் அந்த மூவர் வாக்களிக்க முடியாது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டுமே இடம். சட்டம் விசித்திரமானது என்று சும்மாவா சொல்கிறார்கள்!

கேள்வி: குடியரசும் மக்களாட்சியும் ஒன்றுதானே?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: இல்லை. பிரிட்டனில் மக்களாட்சி உண்டு, அரசரும் உண்டு. அது குடியரசு அல்ல. நாட்டின் தலைவர் பரம்பரையாக வராவிட்டால் குடியரசு. உங்கள் ஊர்ப் பக்கமே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். அவர்கள் தங்கள் அதிபரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் குடியரசுத் தலைவரை நமக்காக எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி: புதுவை இந்தியாவோடு சேர, மக்கள் எல்லோரும் வாக்களித்தார்களா?
(பள்ளி மாணவி, கடலூர்)

பதில்: இல்லையம்மா. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் மொத்தம் 178 பேர், எல்லோரும் மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு.

இதை வகுப்பில் நடத்தும்போது 178 புளியங்கொட்டைகளை மேசையில் கொட்டி இரண்டாகப் பிரிப்பேன். ஒரு முறை கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான்: "எங்க தாத்தாவைக் கேட்கவே இல்லையா சார்?" தாத்தாவின் ஊருக்குப் பிரதிநிதியாக இருந்தவரைக் கேட்டார்கள், அதற்குத்தான் பிரதிநிதித்துவ ஆட்சி என்று பெயர் என்றேன். அவன் முகத்தில் சமாதானம் தெரியவில்லை. மணி அடித்த பிறகும் அந்த எட்டுக் கொட்டைகளை மட்டும் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.