லிஃப்டரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என் காரில் இருப்பது புஷ்ராடு வகை வி8 எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இப்போது எஞ்சின் சூடான பிறகும் நிற்பதில்லை. ரோலர் லிஃப்டர் போயிருக்கும், கேம்ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். லிஃப்டர் மட்டும் போதாதா?

பதில்: சில சமயம் போதும். ஆனால் அளந்து பார்க்காமல் அப்படி முடிவு செய்யாதீர்கள்.

கேம்ஷாஃப்ட் என்பது எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டு; அதில் உள்ள முட்டை வடிவ மேட்டை லோப் என்பார்கள். அது லிஃப்டரை உயர்த்த, லிஃப்டரின் மேல் நிற்கும் புஷ்ராடு என்ற கம்பியும் ராக்கர் என்ற நெம்புகோலும் வால்வைத் திறக்கின்றன. பழைய தட்டை லிஃப்டர் லோப்பின் மேல் உரசிக்கொண்டே போகும். ரோலர் லிஃப்டரின் அடியில் ஊசி பேரிங் வைத்த சின்னச் சக்கரம் உருளுகிறது. உராய்வு வெகுவாகக் குறையும். ஆனால் ஒன்று: தட்டை லிஃப்டர் தன் துளைக்குள் சுழல வேண்டும், ரோலர் லிஃப்டர் சுழலவே கூடாது. திரும்பினால் சக்கரம் குறுக்கே நின்று லோப்பைச் சுரண்டிவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் கைடு இருக்கிறது; அது தேய்ந்திருக்கிறதா என்று பலரும் பார்ப்பதில்லை.

ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் ஆயில் நின்று, இந்தப் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும். இரவில் அது வடிந்தால் காலையில் சத்தம் வரும், அழுத்தம் ஏறியதும் அடங்கும். சூடான பிறகும் அடங்கவில்லை என்றால் முதலில் ஆயில் அளவு, கிரேடு, அழுத்தம் மூன்றையும் பாருங்கள். அவை சரி என்றால், லிஃப்டருக்குள் மேலும் கீழும் நகரும் பிளஞ்சர் சிக்கியிருக்கலாம். லோப் நன்றாக இருந்தால் அந்த லிஃப்டரை மாற்றினாலே போதும்.

பயப்பட வேண்டியது ஊசி பேரிங் உடைந்த நிலைக்குத்தான். உருள வேண்டிய சக்கரம் இறுகிப்போய் லோப்பை அரைக்கும். அந்த லோப்பின் மேல் புது லிஃப்டரை வைத்தால் அதுவும் சீக்கிரம் கெடும். அப்போது உங்கள் மெக்கானிக் சொல்வதுதான் சரி.

எப்படித் தெரிந்துகொள்வது? ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். இரும்புத் துகள் மின்னினால் எஞ்சினை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். அப்புறம், ராக்கர்களைக் கழற்றி, கிராங்க்கை (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டை) கையால் சுற்றி, ஒவ்வொரு புஷ்ராடும் எவ்வளவு உயர்கிறது என்று டயல் கேஜ் என்ற நுண்ணிய அளவுகருவியில் அளக்கச் சொல்லுங்கள். காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கானதை இன்டேக்கோடும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கானதை எக்ஸாஸ்ட்டோடும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் லோப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் சமமாக இருந்தாலும், லிஃப்டரைக் கழற்றும்போது லோப்பை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். திரும்பப் போடும் பழைய லிஃப்டர்கள் ஒவ்வொன்றும் அதனதன் துளைக்கே போக வேண்டும்.