கேள்வி பதில்: தான்சிரி ஆற்றங்கரைக் கவிஞர்

சென்ற இதழில் வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் ‘வனலதா சென்’ கவிதையைப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். எனவே இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கே.

கேள்வி: அவர் டிராமில் அடிபட்டு இறந்தது விபத்து இல்லை, தற்கொலை என்று படித்தேன். உண்மையா?

1954 அக்டோபர் 14, மாலை. ஜீவனானந்தர் அப்போது கல்கத்தாவில் லேன்ஸ்டவுன் ரோட்டில் குடியிருந்தார். வழக்கம்போல உலாவப் போனவர், ராஷ்பிஹாரி அவென்யூவில் தேசப்ரிய பார்க் அருகே சாலையைக் கடக்கும்போது டிராமில் மாட்டிக்கொண்டார். விலா, தோள்பட்டை, தொடை எலும்புகள் முறிந்தன. சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிமோனியாவும் வந்து, 22ஆம் தேதி இரவு உயிர் பிரிந்தது. வயது 55. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊகம்.

என் கணவரின் வேலை காரணமாக லேக் மார்க்கெட் பக்கம் பல வருடங்கள் குடியிருந்தேன். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். வாழையிலை, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். அங்கிருந்து தேசப்ரிய பார்க் நடக்கிற தூரம்தான். அந்தச் சாலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், யோசனையோடு நடக்கிற ஒரு மனிதர் அங்கே அடிபடுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. சாவைப் பற்றி நிறைய எழுதினார் என்பதற்காக அவர் சாவைத் தேடிப் போனார் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த எட்டு நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘சனிபாரேர் சிட்டி’ பத்திரிகை நடத்திய சஜனிகாந்த தாஸ் வருடக்கணக்கில் ஜீவனானந்தரின் கவிதைகளைக் கேலி செய்து கிழித்தவர். கவிஞர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மேற்கு வங்க முதலமைச்சராகவும் பேர்பெற்ற மருத்துவராகவும் இருந்த பிதான் சந்திர ராய் நேரில் வந்து பார்க்க ஏற்பாடு செய்தவரும் அதே சஜனிகாந்தர்தான். ராத்திரி பகலாகக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களில் பூமேந்திர குஹ என்ற மருத்துவ மாணவரும் ஒருவர். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கேள்வி: ஆபாசமாக எழுதினார் என்று அவரைக் கல்லூரி வேலையிலிருந்து நீக்கினார்களாமே?

இந்தக் கதை வங்காளத்திலேயே வெகுநாள் உலவியது. ‘கேம்ப்பே’ என்ற கவிதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். காட்டு முகாமில் படுத்திருப்பவன், வேட்டைக்காரர்கள் தூண்டிலாக வைத்த பெண் மானின் குரலை இரவெல்லாம் கேட்கிறான். ஆண் மான்கள் அந்தக் குரலைத் தேடி வந்து சுடப்படுகின்றன. அந்தக் கவிதை ‘பரிசய்’ இதழில் வந்தது 1932இல். கல்கத்தா சிட்டி காலேஜில் அவருக்கு வேலை போனது 1928இல். பிறகு எப்படிப் பொருந்தும்?

நடந்தது வேறு. சிட்டி காலேஜ், உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தாருடையது. விடுதியில் சரஸ்வதி பூஜை நடத்தக் கூடாது என்று நிர்வாகமும், நடத்துவோம் என்று இந்து மாணவர்களும் மோதிக்கொண்டார்கள். சுபாஷ் சந்திர போஸ் மாணவர் பக்கம், தாகூர் கல்லூரிப் பக்கம். மாணவர்கள் கூட்டமாக விலக, கல்லூரியின் வருமானம் சரிந்தது. ஆட்குறைப்பு வந்தபோது ஆங்கிலத் துறையில் இளையவராக இருந்த ஜீவனானந்தர் வெளியே போக வேண்டியதாயிற்று. கவிதைக்காகத் தண்டிக்கப்பட்டார் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஃபீஸ் வசூல் குறைந்ததால் வேலை போன வாத்தியார் என்பதுதான் அவருடைய கதை. அதன் துயரம் எனக்கு இன்னும் நெருக்கமாகப் புரிகிறது. அதன் பிறகு டெல்லி ராம்ஜஸ் கல்லூரியில் கொஞ்ச காலம். 1930இல் லாவண்யாவைக் கல்யாணம் செய்துகொண்டபின் திரும்பவும் வருடக்கணக்கில் வேலையில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்டாகக்கூட அலைந்திருக்கிறார். 1935இல்தான் இப்போது வங்கதேசத்தில் இருக்கும் சொந்த ஊரான பரிசாலில், தான் படித்த பிரஜமோகன் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது.

கேள்வி: வனலதா சென் யார்? நிஜப் பெண்ணா? ‘பறவைக் கூடு போன்ற கண்கள்’ என்பது என்ன உவமை?

பதினெட்டே வரிக் கவிதை. 1935இல் கவிஞர் புத்ததேவ போஸின் ‘கவிதா’ பத்திரிகையில் வந்தது. இன்றும் வங்காளிகளில் பலருக்கு மனப்பாடம். கவிதை அவளை ‘நாட்டோரின் வனலதா சென்’ என்கிறது. நாட்டோர் என்பது ராஜ்ஷாஹி பக்கத்தில் இருக்கும் நிஜமான ஊர், இப்போது வங்கதேசத்தில். அந்த ஊர்ப் பெண் யார் என்று தேடாதவர் கிடையாது. 1933 வாக்கில் அவர் எழுதி வைத்த ‘காருபாசனா’ நாவலிலும் வனலதா என்ற பெண் வருகிறாள், அண்டை வீட்டுப் பெண்ணாக. ஆக, அந்தப் பெயர் அவருக்குள் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. அதற்கு மேல் தோண்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

கண்களுக்கு வருவோம். கவிதையில் பேசுகிறவன் ஆயிரம் ஆண்டுகளாக நடக்கிறான். சிங்களக் கடலிலிருந்து மலாய்க் கடல் வரை, பிம்பிசாரன் அசோகன் காலத்துச் சாம்பல் உலகம், விதர்ப்ப நகரம் என்று இருட்டில் அலைகிறான். அவளுடைய கூந்தல் விதிசாவின் இரவு, முகம் சிராவஸ்தியின் சிற்பம். அதுவரை எல்லாமே பழைய காவியச் சரக்கு. அப்புறம் அவள் வாயைத் திறந்து, ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்கிறாள். வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திக் கேட்கிற மாதிரி சாதாரணக் கேள்வி. அந்த இடத்தில்தான் பறவைக்கூட்டுக் கண்கள் வருகின்றன. மீனையும் தாமரையையும் சொல்லியிருந்தால் அழகைச் சொன்னதாக ஆகியிருக்கும். நடந்து ஓய்ந்தவனுக்கு வேண்டியது அழகில்லை, அடைய ஓர் இடம். கடைசிப் பத்தியில் எல்லாப் பறவைகளும் வீடு திரும்புகின்றன. அந்தப் பறவைகளுக்கான கூட்டை அவர் முன்னாலேயே அவள் கண்ணில் கட்டி வைத்துவிட்டார்.

கேள்வி: தாகூர் இவரை ஏற்றுக்கொண்டாரா?

மெதுவாக, அரைமனதோடு. இளைஞராக ஜீவனானந்தர் அனுப்பிய கவிதைகளைப் படித்துவிட்டு, மொழியிடம் ஏன் இவ்வளவு வலுக்கட்டாயம் செய்கிறாய் என்று கடிதம் போட்டார். பிறகு ‘சாவுக்கு முன்’ கவிதையைப் படித்தபோது, சித்திரமாகவே இருக்கிறது என்று புத்ததேவ போஸுக்கு எழுதினார். 1938இல் தொகுத்த கவிதைத் திரட்டில் அதே கவிதையைச் சேர்த்தார், ஆனால் வெட்டிச் சுருக்கி. ஜீவனானந்தருக்காக வாதாடியவர் புத்ததேவ போஸ்தான். ‘நம் கவிஞர்களிலேயே மிகத் தனிமையானவர்’ என்ற பட்டமும் அவர் கொடுத்ததே.

கேள்வி: அவருடைய அம்மாவும் கவிஞராமே?

ஆமாம், குசுமகுமாரி தாஸ். ‘பேச்சில் பெரியவனாகாமல் செயலில் பெரியவனாகும் பிள்ளை நம் நாட்டில் எப்போது பிறப்பான்’ என்ற பொருளில் அவர் எழுதிய பாட்டு வங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். சமையலுக்கு நடுவில் எழுதிய பெண்மணி. மகனைப் பற்றிப் பேசும்போது இந்த அம்மாவை விட்டுவிடுகிறோம், அது எனக்கு வருத்தம்.

கேள்வி: முதல்முறை படிப்பவர் எதில் தொடங்கலாம்? எல்லாம் இருட்டும் சாவுமாக இருக்கிறது என்று பயமுறுத்துகிறார்கள்.

‘ரூபசி பாங்களா’வில் தொடங்குங்கள். 1934இல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மூடி வைத்த கவிதைகள். யாருக்கும் காட்டவில்லை. அவர் இறந்த பின் 1957இல்தான் புத்தகமாயிற்று. அதில் ‘மறுபடி வருவேன்’ என்று ஒரு கவிதை. தான்சிரி ஆற்றங்கரைக்கு, இந்த வங்காளத்துக்குத் திரும்ப வருவேன், மனிதனாக இல்லாமல் போனாலும் போகட்டும், செம்பருந்தாகவோ மைனாவாகவோ வருவேன் என்கிறார். புதுநெல் விருந்து நடக்கும் கார்த்திக மாதத்து விடியலில் காகமாக வரலாம். அது நமக்கு ஐப்பசியில் பிறக்கிற மாதம். ஒரு சிறுமி வளர்க்கும் வாத்தாக வரலாம், சிவந்த காலில் சலங்கையோடு, வள்ளைக்கீரை வாசம் நிறைந்த தண்ணீரில் நாள் முழுக்க மிதந்தபடி. முற்றத்துப் புல்லில் ஒரு குழந்தை நெற்பொரியை இறைத்துக்கொண்டிருக்கும். ரூப்ஸா ஆற்றின் கலங்கல் தண்ணீரில் ஒரு பையன் கிழிந்த வெள்ளைப் பாயோடு படகு விடுவான். மறுபிறவியில் இந்திரலோகம் கேட்காமல் வாத்தாகப் பிறக்கக் கேட்ட ஒருவரை இருட்டுக் கவிஞர் என்று ஒதுக்க எப்படி மனசு வரும்?

கல்கத்தாவில் எங்கள் மாடி வீட்டு பௌதியின் (வங்காளத்தில் அண்ணியை இப்படி அழைப்பார்கள்) பூர்வீகம் பரிசால். குடும்பம் பிரிவினையில் கிளம்பி வந்தது. இந்தக் கவிதையை எனக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். வாத்து வரும் இடத்தில் நிறுத்தி, ‘எங்கள் குளத்திலும் இப்படித்தான்’ என்பார். ஜீவனானந்தரும் பிரிவினையையொட்டி பரிசாலை விட்டுக் கல்கத்தா வந்தவர்தான்.

அதற்கு அடுத்து ‘எட்டு வருடங்களுக்கு முன் ஒருநாள்’ படியுங்கள். மனைவி, குழந்தை, அன்பு, நம்பிக்கை எல்லாம் இருந்தும் நிலா மறைந்த இரவில் கயிற்றோடு அரச மரத்துக்குப் போன ஒருவனின் கதை. இது இருட்டான கவிதைதான், மறுக்கவில்லை. ஆனால் அவனைச் சுற்றி எத்தனை உயிர்கள் வாழத் துடிக்கின்றன பாருங்கள். செத்துக்கொண்டிருக்கும் தவளை இன்னும் இரண்டு நொடி கேட்கிறது. கொசு இருட்டில் விழித்திருந்து வாழ்க்கையை நேசிக்கிறது. அந்தக் கிழட்டு ஆந்தை, ‘நிலாக் கிழவி வெள்ளத்தில் போய்விட்டாளா? பிரமாதம்! இனி எலி ஒன்றிரண்டு பிடிக்கலாம்’ என்கிறது. பணமில்லை, புகழில்லை, வசதியில்லை, வேறேதோ ஒன்று நம் ரத்தத்துக்குள் விளையாடி நம்மைக் களைக்க வைக்கிறது என்று அவர் சொல்லும் இடம் வரும்போது அந்த ஆந்தையையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவிதை மட்டும்தான் எழுதினாரா? விருது ஏதும் கிடைத்ததா?

உயிரோடு இருந்தவரை உலகத்துக்குத் தெரிந்தது கவிதைகளும் சில கட்டுரைகளும்தான். இறந்த பிறகு டிரங்குப் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே நாவல்கள், நூற்றுக்கு மேல் சிறுகதைகள், குறிப்பேடுகள். எதையும் அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. மருத்துவமனையில் கூட இருந்தாரே பூமேந்திர குஹ, அவர் பெரிய டாக்டரான பிறகும் பல பத்தாண்டுகள் அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் படியெடுத்தார். இன்று நம் கையில் இருக்கும் ஜீவனானந்தரில் பெரும்பகுதி அந்தக் கைகளால் வந்தது. ‘மால்யவான்’ நாவல் 1973இல் வெளிவந்தது: மனைவி மாடியில் இருக்க, கீழறையில் தனியே படுத்துக்கொள்ளும் ஓர் ஆபீஸ் குமாஸ்தாவின் குளிர்கால இரவுகள். கவிதையைவிட இதில் அவர் கடுமையானவர்.

விருது கிடைத்தது. ‘வனலதா சென்’ தொகுப்பின் விரிந்த பதிப்பு 1952இல் வந்தபோது நிகில வங்க ரவீந்திர சாகித்திய சம்மேளனம் பரிசளித்தது. 1955இல் ‘சிரேஷ்ட கவிதா’ தொகுப்புக்கு சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள். வங்க மொழிக்குக் கிடைத்த முதல் அகாதெமி விருது அதுதான். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.