‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

கேள்வி: ‘ரன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 645 பொருள்கள் இருப்பதாகப் படித்தேன். தேர்வுக்காக அவற்றை நோட்டில் எழுதி, தினமும் பத்துப் பத்தாக மனப்பாடம் செய்கிறேன். எழுபதைத் தாண்டியதும் முதலில் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. ஒரே சொல்லில் இத்தனையைத் திணித்திருப்பது ஆங்கிலத்தின் குறைதானே? இவற்றை மனத்தில் நிறுத்த வழி உண்டா?

பதில்: முதல் வேலையாக அந்த நோட்டை மூடி வையுங்கள். நீங்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உழைப்பு போகும் திசை தவறு.

645 என்ற கணக்கு உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி தன் பதிவுகளைத் திருத்தி வந்தபோது, 2011இல் ‘ரன்’ என்ற வினைக்கு எட்டிய எண்ணிக்கை அது. அதற்கு முன், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைதான் நீளமான பதிவு. சுமார் 60,000 சொற்களில் அதை விளக்கியிருந்தார்கள். பிறகு ‘மேக்’ முந்தியது, அடுத்து ‘புட்’, அதையும் தாண்டியது ‘ரன்’. ஆனால் அந்த அகராதி எதற்காகத் தொகுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல் எழுத்தில் புழங்கத் தொடங்கிய காலத்திலிருந்து அதன் வரலாற்றைப் பதிவு செய்வதுதான் அதன் நோக்கம். வழக்கொழிந்த பொருள்களும் அங்கே இருக்கும். வரிசையும் பழையது முதலில், புதியது பின்னால் என்றுதான் போகும். ஒன்றாம் எண்ணிலிருந்து மனப்பாடம் செய்கிறவர் மிகப் பழைய பொருளிலிருந்து தொடங்குகிறார்; இன்று மிகுதியாகப் புழங்கும் பொருள் அவர் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். கற்பவருக்கென்றே தனி அகராதிகள் இருக்கின்றன: லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், காலின்ஸ் கோபில்ட். இவற்றில் அதிகம் புழங்கும் பொருள்களுக்கு முதலிடம். 1987இல் வந்த கோபில்ட் இன்னொரு நல்ல காரியமும் செய்தது: பொருளை ஒற்றைச் சொல்லால் சொல்லாமல், அந்தச் சொல்லையே வைத்து ஒரு முழு வாக்கியமாக விளக்கியது. உங்களுக்கு வேண்டியது இந்த வகை.

இது ஆங்கிலத்தின் குறை என்கிறீர்கள். ஏற்க முடியாது. நம் ‘ஓடு’ என்ன செய்கிறது என்று பாருங்கள். வண்டி ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, ஜாதகத்தில் சனி திசை ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘பிடி’ இன்னும் மோசம்: சளி பிடிக்கும், பஸ் பிடிக்கலாம், அடம் பிடிக்கலாம், ஒருவரைப் பிடித்தும் போகலாம். இவற்றை யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருளும் அதிகமாக இருக்கும் என்பதை 1945இலேயே மொழி ஆய்வாளர் ஜார்ஜ் ஜிப்ஃப் கணக்கிட்டுக் காட்டினார். எந்த மொழியை எடுத்தாலும் இதுதான் நிலை.

வழிக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இந்த வினை, கால்களால் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் சேர்ந்தே வழங்கியது. அதன் உறவான ஜெர்மன் சொல் ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிவதைத்தான் குறிக்கிறது. எனவே ‘ரன்’னின் நடுவில் இருக்கும் பொருள் காலோட்டம் அல்ல, விடாமல் தொடர்ந்து செல்லுதல். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக்கு மேல் தானாகவே வழிக்கு வரும். குழாயில் தண்ணீர், ஒழுகும் மூக்கு, துவைத்தால் பரவும் சாயம், இயங்கும் எஞ்சின், ஆற்றோரமாகப் போகும் சாலை, மூன்றாண்டுக்குச் செல்லும் ஒப்பந்தம், பரம்பரையாக வரும் நோய் என்று எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போதும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை வருகிறது. அதனால்தான் நமக்கு அவை தனித்தனிப் பொருள்களாகத் தெரிகின்றன.

ஆகவே ‘ரன்’ என்று கண்டதும் பொருளைத் தேடாதீர்கள், எழுவாயைப் பாருங்கள். ஓடுவது மனிதரா, திரவமா, இயந்திரமா, கோடு போல நீளும் ஒன்றா, கால அளவா? அடுத்து, பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ‘ஓட வைத்தல்’ என்ற பக்கம் பொருள் சாயும்: ரன் எ கம்பெனி என்றால் நிறுவனத்தை நடத்துதல், ரன் எ பாத் என்றால் குளியல் தொட்டியில் நீர் நிரப்புதல், ரன் எ டெஸ்ட் என்றால் சோதனை செய்தல், ரன் எ ஸ்டோரி என்றால் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுதல். இதற்குள் அடங்காத சிலவும் உண்டு. ரன் எ ரிஸ்க், ரன் எ ரெட் லைட் போன்றவற்றை முழுத் தொடராகவே படித்துக்கொள்ளுங்கள். முன்னது ஆபத்துக்கு இடம் கொடுத்தல், பின்னது சிவப்பு விளக்கை மதிக்காமல் தாண்டுதல்.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் மூன்றாவது இடத்தில்: பின்னால் ஒட்டும் அவுட், அப், ஓவர், இன்டு போன்ற சின்னச் சொற்கள். இரண்டு வாக்கியங்கள்: ‘ஹீ ரேன் அவுட் ஆஃப் த ரூம்’, ‘ஹீ ரேன் அவுட் ஆஃப் மணி’. கடைசிச் சொல்லைத் தவிர எல்லாம் ஒன்றுதான். முன்னதில் அவர் அறையிலிருந்து வெளியே ஓடினார். பின்னதில் அவர் எங்கும் ஓடவில்லை, கையிலிருந்த பணம் தீர்ந்துபோனது. பொருளைத் தீர்மானித்தது ரூம், மணி என்ற சொற்கள், ‘ரன்’ அல்ல. தீர்ந்த பொருளையே எழுவாயாக்கினால் ‘ஆஃப்’ போய்விடும்: ‘த மணி ரேன் அவுட்’. இந்த ‘ஆஃப்’பை விடுவதும் வேண்டாத இடத்தில் சேர்ப்பதும் நம்மவர் மிகுதியாகச் செய்யும் பிழை. ‘ஆஃப்’ இருந்த இடத்தில் ‘ஆன்’ வந்தாலோ, ஒருவரைக் கைவிட்டுப் போனதாகிவிடும்.

இன்னொரு ஜோடி: ‘ஷீ ரேன் அப் த ஹில்’, ‘ஷீ ரேன் அப் எ பில்’. முதலாவதில் குன்றின் மேல் ஓடினார். இரண்டாவதில் பாக்கியை ஏற்றிக்கொண்டே போனார். இவற்றைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். பாக்கி என்றால் ‘ரேன் இட் அப்’ என்று ‘இட்’ நடுவில் வரும். குன்று என்றால் ‘ரேன் அப் இட்’தான், நடுவில் நுழையாது. நடுவில் நுழைய இடம் தந்தால் வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்து ஒரே வினையாகிவிட்டன என்று அர்த்தம். அதைத் தனிச் சொல்லாகவே எழுதிக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனை ‘ரன்’னுக்கு மட்டுமல்ல, டேக், கெட், புட் எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால் எல்லா இணைப்பும் இடம் தராது: ‘ரன் இன்டு’ என்றால் தற்செயலாகச் சந்தித்தல், ஆனாலும் பெயர் கடைசியில்தான் நிற்கும். நடுவில் நுழைந்தால் ஒரே வினை என்பது உறுதி. நுழையாததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

‘ரன் ஓவர்’ விஷயத்தில் எழுவாயைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. கார் என்றால் ஆள்மேல் ஏறியது, கூட்டம் என்றால் குறித்த நேரத்தைத் தாண்டியது, பாத்திரத்து நீர் என்றால் வழிந்தது, ஒருவர் தன் குறிப்புகளை என்றால் மறுபடி ஒருமுறை பார்வையிட்டார்.

தமிழில் ஓடுவதெல்லாம் ஆங்கிலத்திலும் ஓடும் என்று நம்புவதும் ஆபத்து. ‘நேரம் ஓடுகிறது’ என்பதை ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு நேரம் தீரப்போகிறது என்று பொருள், விரைவாகக் கழிகிறது என்றல்ல. காய்ச்சல் இருப்பதைச் சொல்ல ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ வேண்டும். அந்த ‘எ’ இல்லாவிட்டால் பிழை. தேர்தலில் போட்டியிடுவது அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ரன்’, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வழக்கமாக ‘ஸ்டாண்ட்’. நாமும் நிற்கிறார் என்றுதான் சொல்கிறோம். அதனால் பிரிட்டிஷ் வழக்கு உடனே மனத்தில் பதியும், அமெரிக்க வழக்கைத்தான் முனைந்து படிக்க வேண்டும். வடிவத்திலும் ஓர் எச்சரிக்கை: ரன், ரேன், ரன். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ பின்னால் வருவது மூன்றாவது வடிவம். ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதினால் தவறு.

புது நோட்டு இப்படி இருக்கட்டும். இடப்பக்கம் ஐந்தாறு சொல் கொண்ட முழு ஆங்கில வாக்கியம். வலப்பக்கம் அந்த வாக்கியம் முழுவதற்குமான தமிழ். ‘ரன்’னுக்கு மட்டும் தனியாகத் தமிழ் எழுதவே கூடாது. பக்கங்களை எழுவாய் வாரியாகப் பிரியுங்கள்: மனிதர், நீர், இயந்திரம், சாலை, காலம். சின்னச் சொல் ஒட்டியவற்றுக்குத் தனிப் பக்கம். நாளுக்கு மூன்று வாக்கியம் போதும், ஆனால் மறுநாள் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்ல வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் எந்தச் சின்னச் சொல் வரும் என்ற சந்தேகம் எழும். சந்தேகம் எழுந்த இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

பெயர்ச்சொல்லான ‘ரன்’னை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கிரிக்கெட் ரன் தெரிந்ததே. வங்கியை நம்பாமல் வாடிக்கையாளர் எல்லாரும் ஒரே சமயத்தில் பணத்தை எடுக்கத் திரள்வதும், ஒத்திகையும், ஒரே தடவையில் அச்சிடும் படிகளின் தொகையும் அதே சொல்தான். ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்று கண்டால் மட்டும் திகைக்காதீர்கள்: அது அடுத்தடுத்து மூன்று நாள்.