பன்றிகள் முன் முத்து

கேள்வி: போன இதழில் 'பேர்ல்ஸ் பிஃபோர் ஸ்வைன்' என்ற அமெரிக்க இசைக்குழுவைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, யார் அவர்கள்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: முதலில் பெயர். 'உங்கள் முத்துக்களைப் பன்றிகள் முன் போடாதேயுங்கள்' என்று பைபிளில் மத்தேயுவில் வருகிறதே, அதுதான். கேட்க வருகிறவர்களைப் பன்றி என்று சொல்லிக்கொண்டே பாடக் கிளம்பிய துணிச்சலை என்ன சொல்வது!

ஃபுளோரிடாவில் நான்கு இளைஞர்கள். தலைவர் டாம் ராப். பாடும்போது அவருக்கு நாக்கு லேசாகத் தடுக்கும்; அந்தத் தடுக்கலே குரலுக்கு அழகு. 1967இல் ஈ.எஸ்.பி. டிஸ்க் என்ற நியூயார்க் கம்பெனி அவர்களது முதல் இசைத்தட்டை வெளியிட்டது. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் ஆர்கனும் சேர்ந்த விநோதமான நாட்டுப்புற இசை. அட்டையில் பழைய ஓவியர் போஷ் வரைந்த நரகம்.

நான் மயங்கியது அடுத்த தட்டில். 'பாலக்லாவா', 1968. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருடம். தட்டு தொடங்கியதும் கரகரவென்று ஒரு கிழவர் பேசுகிறார். 1854இல், கிரிமியப் போரில், பாலக்லாவா என்ற இடத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை செத்து விழுந்த தாக்குதலில் பிழைத்த எக்காளக்காரர் லேண்ட்ஃப்ரே. 1890இல், இசைத்தட்டுக்கு முந்தைய மெழுகு உருளையில் பதிவான குரல். பேசி முடித்து, தாக்குதலுக்கான எக்காளத்தையும் ஊதிக் காட்டுகிறார். ராத்திரி பதினொரு மணிக்கு இதைச் சத்தமாக வைத்தேன். "ரேடியோ கெட்டுப்போச்சா?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல். போரை எதிர்த்து அந்த வருடம் எத்தனையோ பேர் பாடினார்கள். ராப், எப்போதோ ஒரு போரில் பிழைத்து, பின்னால் செத்துப்போன அந்தச் சிப்பாயையே பேசவிட்டார். தட்டைச் சமர்ப்பித்ததும், இரண்டாம் உலகப்போரில் படையைவிட்டு ஓடியதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட ஸ்லோவிக் என்ற அமெரிக்கச் சிப்பாய்க்கு.

காசு? ஈ.எஸ்.பி. கம்பெனியிடமிருந்து எதுவும் வரவில்லை என்று ராப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் ரிப்ரைஸ் கம்பெனிக்கு மாறினார்கள், ஆட்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் ராப் பாட்டையே விட்டார். கல்லூரிக்குப் போனார், சட்டம் படித்தார், ஃபிலடெல்ஃபியாவில் சிவில் உரிமை வழக்கறிஞர் ஆனார். தொண்ணூறுகளின் கடைசியில் மேடைக்குத் திரும்பி, 1999இல் ஒரு தட்டும் போட்டார். 2018இல், 70 வயதில் இறந்தார்.

கேள்வி: சரி, எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? (அதே வாசகர்)

பதில்: நாஷ்வில்லில் பதிவுசெய்த 'தி யூஸ் ஆஃப் ஆஷஸ்', 1970. மென்மையான தட்டு. அதில் விண்வெளிக்குப் போன அப்பாவைப் பற்றி 'ராக்கெட் மேன்' என்று ஒரு பாட்டு உண்டு. 1972இல் எல்டன் ஜான் பாடி உலகமே முணுமுணுத்த 'ராக்கெட் மேன்' வேறு. ஆனால் அதை எழுதிய பெர்னி டாபின், ராப்பின் பாட்டு தனக்குத் தூண்டுதல் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ராப்பை முதலில்.