வின்ச் இருக்கட்டும், பிரஷர் கேஜ் இருக்கிறதா?

கேள்வி: ஃபோர்-வீல் டிரைவ் கிளப் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதல் பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. இரண்டு பகல், ஓர் இரவு. வழியில் மணல், கல்மேடு, ஓர் ஓடை. இரவு ஓடைப் பக்கம் கூடாரம். என் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. மனைவியும் 10 வயது மகளும் வருகிறார்கள். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), வின்ச் (கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார்), மட் டயர் (சேற்றுக்கான டயர்) மூன்றும் போடாமல் கிளம்பாதே என்கிறார் நண்பர். முதலில் எதை வாங்குவது?

பதில்: நண்பர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட இப்போது வேண்டாம். புதியவர்கள் வரும் பயணத்துக்குக் கிளப் தேர்ந்தெடுக்கும் பாதையில், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக விசையோடு ஓட்டும் கியர் வரிசை) உள்ள வண்டி கம்பெனி உயரத்திலேயே போய்வந்துவிடும். லோ ரேஞ்ச் இல்லாத வண்டி என்றால் மட்டும் பயணத் தலைவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மணலில் வண்டி புதைவதற்குப் பெரும்பாலும் காரணம் டயரில் காற்று அதிகமாக இருப்பது. புதைந்த வண்டியை இழுக்கும்போது ஆள் அடிபடுவதற்குக் காரணம் கொக்கி. மூன்று வாரத்தை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

காற்றிலிருந்து தொடங்குவோம். தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருப்பீர்கள். கல், சரளைப் பாதைக்கு 26 முதல் 28, மணலுக்கு 18. அதிலும் புதைந்தால் 15. அதற்குக் கீழே போனால், வளைக்கும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் விரிகிறது. தரையில் படியும் தடம் நீள்வதால் வண்டி மணலைத் தோண்டாமல் மேலே ஏறி ஓடுகிறது. கல்லிலும் பயன் உண்டு: கெட்டியான டயரைக் கூர்மையான கல் குத்தும், தளர்ந்த டயர் அதன் மேல் அமுங்கிக் கடக்கும். ஆனால் 18-ல் வைத்துக்கொண்டு வேகம் கூடாது. 40 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள், ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள். டயர் பக்கச்சுவர் சூடேறிக் கெட்டுப்போகும் என்பதால், தார்ச்சாலை ஏறுமுன் திரும்ப நிரப்பியே ஆகவேண்டும்.

இதற்கு வேண்டியவை ஒரு நல்ல பிரஷர் கேஜும் 12 வோல்ட் கம்ப்ரஸரும். கம்ப்ரஸரை பேட்டரியில் நேராகக் கிளிப் போட்டு மாட்டும் வகையில் வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர். பெரிய கம்ப்ரஸர் 30 ஆம்பியர் வரை இழுக்கும். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே நிரப்புங்கள். வீட்டு வாசலிலேயே நான்கு டயரையும் 18-க்கு இறக்கி, திரும்ப 35-க்கு ஏற்றிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, ஹோஸ் பின் டயர் வரை எட்டுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டெப்னியையும் மறக்கவேண்டாம். காற்றில்லாத ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு வருபவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு.

அடுத்து கொக்கி. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன்பக்கம் மெல்லிய இரும்பு வளையம் ஒன்று தெரியலாம். வண்டியைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றும்போது அசையாமல் கட்டி வைக்கப் போட்டது அது, புதைந்த வண்டியை இழுப்பதற்கல்ல. இழுப்பதற்கான கொக்கி வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேஸி) தடிமனான போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும், தாங்கும் எடை அதில் பொறித்திருக்கும். அப்படி ஒன்று முன்னால், ஒன்று பின்னால் இல்லையென்றால், வாங்கவேண்டிய முதல் பொருள் அதுதான். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் (டோ பால்) இழுக்கும் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்தால் பீரங்கிக் குண்டுதான். கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருந்தவர்களைக் கொன்றிருக்கிறது.

ஸ்னாட்ச் ஸ்ட்ராப் என்பது நைலான் பட்டை, நீண்டு சுருங்கும் விசையால் வண்டியை வெளியே எடுக்கும். வழக்கமான நீளம் 9 மீட்டர். தாங்கும் திறன், இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததன் முழுப் பாரத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கவேண்டும். 3 டன் வண்டிக்கு 8 டன் பட்டை. அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று மிகத் தடித்ததை வாங்கினால் அது நீளாது, அதிர்ச்சி முழுவதும் கொக்கிக்குப் போகும். இரண்டு பட்டையை ஷாக்கிள் என்ற இரும்பு வளையம் போட்டு இணைக்கவே கூடாது. பட்டை அறுந்தால் அந்த இரும்பு பறக்கும். 4.75 டன் ஷாக்கிள் இரண்டு போதும். அதைப் பூட்டும் திருகு ஆணியை முழுக்க முடுக்கிக் கால் சுற்று பின்னால் தளர்த்துங்கள், இல்லையென்றால் இழுத்த பிறகு கழற்றவே முடியாது.

இழுக்கும் முன் மண்வெட்டிதான் வேலை செய்யவேண்டும். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மணலைச் சரிவாக அள்ளி, வயிற்றுப் பகுதி தரையில் உட்கார்ந்திருந்தால் அங்கேயும் தோண்டி, காற்றை இன்னும் இறக்கிப் பார்த்தால் பாதி நேரம் பட்டைக்கே வேலை இருக்காது. அப்படியும் இழுக்கவேண்டி வந்தால், பட்டையின் நடுவில் டாம்பர் (பட்டை அறுந்தால் பறக்காமல் அமுக்கும் கனமான விரிப்பு) அல்லது ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். இரண்டு டிரைவர்களைத் தவிர எல்லோரும் பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது பக்கவாட்டில் தள்ளி நிற்கவேண்டும். உங்கள் மகளை அந்த நேரத்தில் யார் பிடித்துக்கொண்டிருப்பது என்று முன்பே பேசி வையுங்கள்; வேடிக்கை பார்க்க ஓடிவரும் வயது.

ஓட்டுவதில் பெரிய வித்தை இல்லை. மண்ணில் 4-ஹை (நான்கு சக்கர விசை, வழக்கமான கியர் வரிசை), செங்குத்திலும் பாறையிலும் 4-லோ (நான்கு சக்கர விசை, லோ ரேஞ்ச்). பார்ட்-டைம் ஃபோர்-வீல் வண்டியை (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுப்பது) தார்ச்சாலையில் 4-ஹையில் ஓட்டினால் முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு கியர் முறுக்கிக்கொள்ளும். இறக்கத்தில் 4-லோ முதல் கியர், கால் கிளட்ச் பக்கமே போகக்கூடாது. ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்ப நினைக்காதீர்கள், உருண்டுவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, போன வழியே நேராக இறங்குங்கள். கட்டைவிரல் ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். கல்லில் சக்கரம் மோதி ஸ்டியரிங் சுழன்றால் விரல் போய்விடும்.

ஓடையை முதலில் நடந்து பாருங்கள். நடக்கவே பயமாக இழுக்கிற தண்ணீரில் வண்டி இறங்கக் கூடாது. ஆழம் எவ்வளவு வரை என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். இறங்குமுன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்: சூடான டிஃபரன்ஷியல் (அச்சில் உள்ள கியர்ப் பெட்டி) குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு லோ ரேஞ்ச் இரண்டாம் கியரில், நடுவில் கியர் மாற்றாமல், ஒரே சீராகப் போய்விடுங்கள். நடுத்தண்ணீரில் இன்ஜின் நின்றால் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வரிசையில் போகும்போது உங்கள் பொறுப்பு பின்னால் வரும் வண்டி. திருப்பத்தில் அது உங்களைப் பார்க்கும் வரை நின்றுவிட்டுத் திரும்புங்கள்; எல்லோரும் இதைச் செய்தால் யாரும் தொலைவதில்லை. மேட்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும்.

பொருள் ஏற்றும்போது கனமானவை தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால். கூரையில் படுக்கை போன்ற லேசானவை மட்டும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், ஒரு நாளுக்கு உபரி. லோ ரேஞ்சில் எரிபொருள் ஒன்றரை மடங்குக்கு மேல் குடிக்கும், டேங்க்கை நிரப்பிக் கிளம்புங்கள்.

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடியுங்கள். ஓடையோரப் புதர்களில் எந்த உயரத்தில் சருகும் குச்சியும் சிக்கிக் கிடக்கின்றன என்று பாருங்கள். வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது, கூடாரம் அதற்கு மேலே. பெரிய மரக்கிளைக்கு நேர் கீழேயும் வேண்டாம். காற்று மெத்தையில் படுத்தால் கீழிருந்து குளிர் ஏறும், அதன்மேல் ஒரு போர்வை விரியுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும். நெருப்பை மணல் போட்டு மூடுவதும் தவறு. உள்ளே கங்கு காலை வரை கனன்றுகொண்டிருக்கும், குழந்தை வெறுங்காலோடு மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை அருகில் காட்டிச் சூடில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மலம் கழிக்கும் குழி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி.

வீடு திரும்பியதும் அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, சைலன்சரைச் சுற்றி ஒட்டிய காய்ந்த புல்லை எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். வீல் நட்டுகளை ஒருமுறை முடுக்குங்கள். ஓடையில் இறங்கியிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலையும் பார்த்துவிடுங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அதை மாற்றாமல் அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கவேண்டாம்.